நாலு தூணும் சயாமுக்குப் போனவங்களும்

பதிவு நீளம்தான். ஒரு கோப்பி கலக்கிக்கிட்டு உட்கார்ந்து படிங்க.

மஹாளய அமாவாசை அன்னைக்குக் காலையில நான் வழக்கம்போல சீட்டு எழுதுற மேசையில இருந்தேன். கூட்டம் எப்படின்னு வந்தவங்களுக்குத் தெரியும். வாசல் வரைக்கும் வரிசை. எட்டு மணி வாக்கில் ஒரு பாட்டி, பேத்தி கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. எண்பதைத் தாண்டினவங்க. அப்பாவுக்குக் கொடுக்கணும்னாங்க. பெயர் எழுதினேன். "திதி தெரியுமா பாட்டி?"ன்னு கேட்டேன்.

"தெரியாது தம்பி. சயாமுக்குப் போனாரு. வரல."

அவ்வளவுதான் சொன்னாங்க. பாட்டி அப்போ தாய் வயித்துல. ஜொகூர்ல ஒரு ரப்பர் தோட்டம். அம்மா சாகுற வரைக்கும் தாலியைக் கழற்றலையாம். செத்தார்னு யாரும் வந்து சொல்லலையே, எப்படிக் கழற்றுறதுன்னு கேட்பாங்களாம். அதனால அம்மா இருந்தவரைக்கும் அப்பாவுக்கு ஒரு பிடி எள்ளுத் தண்ணிகூட யாரும் விடல. அம்மா போன பிறகுதான் பாட்டி அமாவாசைக்குக் கொடுக்க ஆரம்பிச்சிருக்காங்க.

திதி தெரியாதவங்களுக்கு மஹாளய அமாவாசையில கொடுக்கலாம்னு நம்ம பெரியவங்க வழி வச்சிருக்காங்க. சீட்டை எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன். பாட்டி நகர்ந்ததும் பக்கத்துல உதவிக்கு இருந்த இளம் தொண்டூழியர், பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன், மெதுவா கேட்டான்: "சயாம்னா எது அண்ணே? ஏன் திரும்பி வரல?"

அந்த வரிசையில நின்னுக்கிட்டு சொல்ற கதையா அது? மத்தியானம் அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவும்போது கொஞ்சம் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுறேன். அவனுக்காக மட்டும் இல்ல. நம்ம கோயிலுக்கு வர்ற குடும்பங்கள்ல இந்த மாதிரி ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ இல்லாத வீடு குறைவுன்னு நான் நினைக்கிறேன். கேட்காததால தெரியல.

முதல்ல நம்ம ஊர்ல இருந்து ஆரம்பிப்போம்.

பீச் ரோட்டில், சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கத்துல போர் நினைவுப் பூங்கா இருக்கு. வானத்தைப் பார்த்து நாலு வெள்ளைத் தூண். சாப்ஸ்டிக்ஸ்னு பட்டப்பேர்கூட உண்டு. பஸ்ஸில் போகும்போது ஆயிரம் தடவை பார்த்திருப்போம். கிட்டத்தட்ட 68 மீட்டர் உயரம். நாலு தூண் நாலு இனம்: சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேஷியர். அதாவது அதுல ஒரு தூண் நமக்கு. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே முப்பது வயசு வரைக்கும் தெரியாது.

அந்தப் பூங்கா வந்த கதை நல்ல கதை. 1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில விழுந்துச்சு. மூணே நாள்ல, பிப்ரவரி 18-ல இருந்து, சீன ஆண்களை இடம் இடமாக் கூப்பிட்டு நிறுத்தி வடிகட்டினாங்க. நம்ம சிராங்கூன் ரோட்டில் இருந்து நடந்தே போயிடலாம், ஜாலான் புசார் விளையாட்டரங்கம், அது அப்படிப்பட்ட இடங்கள்ல ஒண்ணு. தேறினவங்களுக்கு முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பினாங்க. தேறாதவங்களை லாரியில ஏத்தி சாங்கி, பொங்கோல், சிக்லாப் பக்கம் கொண்டுபோய்ச் சுட்டாங்க. எத்தனை பேர்? ஜப்பான் தரப்பு ஒத்துக்கிட்டது 5,000 அளவு. சீன சமூகம் சொல்றது 40,000, 50,000. சீனனா பிறந்ததுதான் பெரும்பாலானவங்க செஞ்ச குத்தம்.

இருபது வருஷம் அந்த எலும்புகள் மண்ணுக்குள்ளேயே கிடந்துச்சு. 1962-ல சிக்லாப் பக்கம் மண் தோண்டும்போது குவியல் குவியலா வெளியே வந்துச்சு. அப்போ சீன வர்த்தகச் சபை சும்மா இருக்கல. தானே முன்வந்து ஒரு குழு அமைச்சாங்க. ஊர் முழுக்க எங்கெங்க புதைச்சாங்கன்னு விசாரிச்சு, தோண்டி எடுத்து, தாழிகள்ல வச்சாங்க. நினைவுச் சின்னம் வேணும்னு அரசாங்கத்துகிட்ட போனாங்க. 1963 மார்ச்ல பிரதமர் லீ குவான் இயூ பீச் ரோட்டில் நிலம் ஒதுக்கறதா அறிவிச்சார். மக்கள் தர்ற ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் ஒரு வெள்ளி போடும்னு ஏற்பாடு. ஆனா ஒண்ணு சொன்னாங்க: சீனருக்கு மட்டும் வேண்டாம், ஜப்பான்காரன் காலத்துல செத்த எல்லா இனத்துப் பொதுமக்களுக்கும் இருக்கட்டும். அப்படித்தான் நாலு தூண் வந்துச்சு.

அதே வருஷம் ஆகஸ்ட் 25-ல பாடாங்ல லட்சம் பேருக்கு மேல கூடி "ரத்தக் கடனைக் கொடு"ன்னு ஜப்பானைக் கேட்டாங்க. கேட்டது 50 மில்லியன் வெள்ளி. 1966 அக்டோபர்ல ஜப்பான் இறங்கி வந்துச்சு. பாதி மானியம், பாதி கடன். அடுத்த வாரமே, நவம்பர் 1-ல, 600-க்கும் மேற்பட்ட தாழிகளைத் தூண்களுக்குக் கீழே அடக்கம் செஞ்சாங்க. 1967 பிப்ரவரி 15-ல பிரதமர் திறந்து வச்சார். இன்னைக்கும் வருஷா வருஷம் பிப்ரவரி 15-ல அங்கே அஞ்சலி நடக்குது. நடத்துறது அதே வர்த்தகச் சபை. அறுபது வருஷமா விடல.

இதுல நான் கவனிச்ச விஷயம் இதுதான். அரசாங்கம் நிலம் கொடுத்துச்சு, பணம் கொடுத்துச்சு, எல்லாம் சரி. ஆனா எலும்பைப் பார்த்ததும் "இது எங்க ஆளுங்க, நாங்க பார்த்துக்கறோம்"னு முதல்ல சொன்னது ஒரு சமூகக் குழு. அது நடக்கலன்னா பீச் ரோட்டில் இன்னைக்கு என்ன கட்டடம் நின்னுக்கிட்டு இருக்குமோ.

இப்போ நம்ம தூணுக்கு வருவோம். பொதுமக்கள்ல நம்மாளுங்க யார் செத்தாங்க? குண்டு விழுந்து செத்தவங்க உண்டு. அந்த நாள்கள்ல வீரமாகாளியம்மன் கோயிலுக்குள்ள ஓடி உட்கார்ந்து உயிர் பிழைச்ச கதையை நம்ம பெரியவங்க இன்னும் சொல்வாங்க. பசியில, காய்ச்சல்ல போனவங்க உண்டு. மரவள்ளிக்கிழங்கைத் தின்னு ஓட்டின காலம். ஆனா கூட்டம் கூட்டமா நம்ம ஜனம் அழிஞ்சது இந்தத் தீவுல இல்ல. பாட்டி சொன்ன சயாம்ல.

சயாம்னா இன்னைக்குத் தாய்லாந்து. ஜப்பான்காரனுக்கு பர்மாவுக்குச் சாமான் அனுப்ப கடல் வழி பாதுகாப்பா இல்ல. அதனால தாய்லாந்துல பான் போங்ல இருந்து பர்மாவுல தன்பியூசயாட் வரைக்கும் காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். 1942 மத்தியில் வேலை ஆரம்பிச்சு 1943 அக்டோபர் 17-ல ரெண்டு பக்கத் தண்டவாளமும் சேர்ந்துச்சு. அந்த மலைக்காட்டுல பதினாறு மாசத்துல இவ்வளவு தூரம். எப்படி முடிஞ்சுதுன்னா, ஆளை ஆளா நினைக்காததாலதான் முடிஞ்சுது.

முதல்ல போர்க்கைதிகளைக் கொண்டுபோனான். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியா, டச்சு, கொஞ்சம் அமெரிக்கர். 60,000-க்கு மேல. நம்ம சாங்கியில அடைச்சு வச்சிருந்தவங்களைச் சரக்கு வண்டியில ஏத்தி அனுப்பினான். அது பத்தலன்னதும் ஆசியத் தொழிலாளர்கள்: பர்மாக்காரர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், அப்புறம் மலாயாத் தோட்டங்கள்ல இருந்த நம்ம தமிழர்.

ஏன் தமிழர்னா, அவங்க கைக்கு எட்டுற இடத்துல இருந்தாங்க. வெள்ளைக்கார துரை ஓடிப்போயாச்சு. ரப்பர் வாங்க ஆளில்லை. கித்தா மரம் வெட்ட ஆளுக்கு வேலையில்லை, கூலியில்லை, அரிசியில்லை. லயத்துல பிள்ளைகளோட பட்டினி. அந்த நேரத்துல கிராணியும் கங்காணியும் வந்து, மூணு மாசம் வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டுன்னா யார் போகமாட்டாங்க? 1943-ல இது வேகமாச்சு. ஆசை காட்டி வராதவங்களைப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. இலவசமா படம் காட்டறோம்னு கூப்பிட்டு, கதவை அடைச்சு, அப்படியே லாரியில ஏத்தின கதையைத் திரும்பி வந்தவங்க பலர் சொல்லியிருக்காங்க. சில குடும்பங்கள் பிள்ளைகுட்டியோட போச்சு.

சரக்கு வண்டியில நாலஞ்சு நாள். இறங்கி காட்டுக்குள்ள நடை. மழைக்காலம். முகாம்னா மூங்கிலும் அத்தாப்பும் போட்ட கொட்டகை, பாதிக்குக் கூரை இருக்காது. 1943 மே, ஜூன்ல காலரா வந்துச்சு. இங்கேதான் ஒரு வித்தியாசம் புரிஞ்சுக்கணும். வெள்ளைக்காரக் கைதிகள் ராணுவம். அவங்களுக்குள்ள அதிகாரி இருந்தான், டாக்டர் இருந்தான், கக்கூஸ் தோண்டணும், தண்ணியைக் கொதிக்க வைக்கணும்னு கட்டளை போட ஆள் இருந்துச்சு. செத்தா பேரை எழுதி வச்சு, சிலுவை நட்டாங்க. அப்படி இருந்துமே 12,000-க்கு மேல செத்தாங்க. நம்மாளுங்களுக்கு அது எதுவுமே இல்ல. டாக்டர் இல்ல, பேர் எழுத ஆள் இல்ல. தோட்டத்துல கங்காணி சொன்னதைக் கேட்டுப் பழகின ஜனம், அந்தக் கங்காணியும் காய்ச்சல்ல கிடந்தா யார்கிட்ட போகும்? சாங்கியில இருந்து மருத்துவக் கைதிகள் அடங்கிய கே படை, எல் படைன்னு ரெண்டு குழுவைத் தொழிலாளர் முகாம்களுக்கு ஜப்பான்காரனே பிறகு அனுப்பினான். அதுக்குள்ள காரியம் கைமீறிப் போச்சு. கொட்டகையோட சேர்த்துக் கொளுத்தினாங்கன்னு பிழைச்சு வந்தவங்க சொன்னதை இங்கே விவரிக்க எனக்கு மனசு வரல.

மலாயாவில் இருந்து போனவங்க சுமார் 78,000 பேர்னு ஒரு கணக்கு. அதில் தமிழர்தான் மிகுதி. செத்தவங்க கிட்டத்தட்ட 30,000-ன்னு அதே கணக்கு சொல்லுது. தப்பி ஓடினவங்கன்னு குறிச்ச இன்னும் பல ஆயிரம் பேர் காட்டுல என்ன ஆனாங்கன்னு யோசிச்சா, எண்ணிக்கை இதோட நிக்காது.

போர் முடிஞ்சுது. அப்புறம் நடந்ததைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன்.

நேச நாட்டு ராணுவம் அந்தப் பாதை நெடுக நடந்து கைதிகளோட கல்லறையைத் தேடி எடுத்துச்சு. காஞ்சனபுரியில இன்னைக்குப் போனீங்கன்னா நடு ஊர்ல பச்சைப் புல்லோட, பூச்செடியோட, வரிசை வரிசையா கிட்டத்தட்ட 7,000 கல்லறை. ஒவ்வொண்ணுலயும் பேர், வயசு, படைப்பிரிவு. அமெரிக்கர் தங்கள் ஆளுங்களைத் தங்கள் நாட்டுக்கே எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நம்ம கிராஞ்சிக்கு வாங்க. அங்கே கல்லறைகளோட, தகனம் செய்யப்பட்ட கிட்டத்தட்ட 800 வீரர்களுக்குன்னு தனி நினைவுச்சின்னம் இருக்கு. பெரும்பாலும் இந்திய ராணுவத்து ஆளுங்க. அவங்க மதப்படி எரிச்சதால கல்லறை கிடையாது, ஆனா பேர் உண்டு. யூனிஃபார்ம் போட்ட இந்துவுக்கு அந்த மரியாதை கிடைச்சிருக்கு, நல்லதுதான். யூனிஃபார்ம் இல்லாத கூலிக்கு? சட்டப்படி அவங்க ராணுவம் இல்ல, அதனால அந்த ஆணையத்துக்குப் பொறுப்பில்லன்னு சொல்லலாம். சொன்னாங்க. அப்போ யாருக்குப் பொறுப்பு? யாருக்கும் இல்லாமப் போச்சு. 1951 சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில ஜப்பான் சொத்துல இருந்து முன்னாள் போர்க்கைதிகளுக்கு ஏதோ கொடுக்க வழி வச்சாங்க. 2000-ல பிரிட்டிஷ் அரசாங்கம் உயிரோட இருந்த தன் முன்னாள் கைதிகளுக்குத் தலைக்கு 10,000 பவுண்டு அறிவிச்சது. தோட்டத்துக் கூலி அந்தக் கணக்கு எதுலயும் வரல.

இதுல மனசைக் குடையற ஒரு விஷயம். காஞ்சனபுரி பாலத்துக்குப் பக்கத்துல ஒரு நினைவுத் தூண் இருக்கு. பாதை போட்ட ஜப்பான் ராணுவமே 1944-ல கட்டினது. செத்த எல்லாருக்கும்னு பல மொழியில எழுதி வச்சிருக்கான். தமிழிலயும் எழுதியிருக்கான். கொன்னவன்தான் முதல்ல தமிழ்ல கல் வச்சான். அதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

1990-ல காஞ்சனபுரியில ஒரு வயல்ல மண்ணைத் தோண்டும்போது நூத்துக்கணக்கான எலும்புக்கூடு வெளியே வந்துச்சு. சிக்லாப் மாதிரியேதான். ஆனா சிக்லாப்ல எலும்பு வந்ததும் ஓடிவர ஒரு சபை இருந்துச்சு.

நமக்கு ஏன் அப்படி ஒரு சபை எழும்பல? நான் பல நாள் யோசிச்சிருக்கேன். நம்மாளுங்களுக்கு ஒத்துமை இல்லன்னு உடனே சொல்லிடுவோம். அது சோம்பேறிப் பதில். 1950-கள்ல மலாயாப் பல்கலைக்கழகத்துல தமிழுக்கு இடம் வேணும்னு கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்"னு நிதி திரட்டினப்போ தொழிலாளிகூட ஒரு வெள்ளி எடுத்துக் கொடுத்தவன்தான். கொடுக்கற மனசு இருந்துச்சு. ஆனா சயாம்ல செத்தவங்க யாரோட ஆளுங்க? பட்டணத்துக் கடைக்காரரோட பிள்ளை இல்ல, குமாஸ்தா வீட்டு ஆளும் அதிகம் இல்ல. தோட்டத்து லயத்துல இருந்த, எழுதப் படிக்கத் தெரியாத, நிறைய பேர் தாழ்த்தப்பட்ட சாதின்னு ஊரே ஒதுக்கி வச்ச ஜனம். இதையும் சேர்த்துச் சொல்லாம விட்டா நான் பாதி உண்மைதான் சொன்னவன் ஆவேன். வெள்ளைக்காரன் இனம் பார்த்தான்னு சொல்ற நாம, நம்ம பங்குக்கு எதைப் பார்த்தோம்னும் கேட்டுக்கணும். விதவைகள் தோட்டத்துலயே இருந்தாங்க. ஒரு தோட்டத்துக்கும் இன்னொரு தோட்டத்துக்கும் தொடர்பில்லை. பிறகு எல்லை வந்து மலேசியா வேற, சிங்கப்பூர் வேறன்னு ஆச்சு. பாட்டி மாதிரி இங்கே வந்துட்டவங்க ஹெச்டிபி வீட்டுக்குள்ள தனித்தனியா அந்தக் கதையை வச்சுக்கிட்டாங்க.

இன்னொண்ணும் இருக்கு. போர்க்காலம்னா நம்ம பேச்சு எல்லாம் நேதாஜி பக்கம் போயிடும். போகட்டும், அதுல எனக்கு வருத்தம் இல்ல, எங்க தாத்தாவும் ஐஎன்ஏதான். 1943 ஜூலை 4-ல கேத்தே கட்டடத்துல நேதாஜி இந்திய சுதந்திர லீக் தலைமையை ஏத்துக்கிட்டார், மறுநாள் பாடாங்ல படையைப் பார்வையிட்டார். ஜான்சி ராணிப் படையில சேர்ந்த பெண்கள்ல நிறைய பேர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். அதே ஜூலையில அவங்க அண்ணன், அப்பா சிலர் சயாம் காட்டுல காலராவுல கிடந்தாங்க. ஐஎன்ஏ வீரர்களுக்காக எஸ்பிளனேட்ல எழுப்பின நினைவுச்சின்னத்துக்கு 1945 ஜூலை 8-ல நேதாஜி அடிக்கல் வச்சார். ரெண்டு மாசத்துல திரும்பி வந்த பிரிட்டிஷ்காரன் அதை இடிச்சுத் தள்ளினான். ஐம்பது வருஷம் கழிச்சு, 1995-ல, இந்திய சமூகத்து நன்கொடையோட அதே இடத்துல அடையாளக் கல் வச்சாங்க. ஆக, நம்மாலயும் முடியும். வீரனுக்குக் கல் வச்சோம். கூலிக்கு வைக்கத் தோணல.

நிலைமை அப்படியே நின்னுடல. மலேசியாவில் அ. ரெங்கசாமி, ஆர். சண்முகம் போன்றவங்க நாவலா எழுதி வச்சாங்க. சண்முகத்தோட 'சயாம் மரண ரயில்' எங்கேயாவது கிடைச்சா படிங்க. மலேசியாவில் இதுக்குன்னே ஒரு ஆர்வலர் குழு கூடி, பிழைச்சு வந்த கிழவர்களைத் தேடிப் பதிவு செய்யறது, காஞ்சனபுரிக்குப் போய்ப் பூஜை செய்யறதுன்னு விடாம நின்னாங்க. 2023 மே 1-ல, தொழிலாளர் தினத்தன்னைக்கே, காஞ்சனபுரியில தாவோன் வராராம்ங்கிற புத்த விகாரையில தமிழர்களுக்குன்னு நடுகல் திறந்தாங்க. தாய்லாந்துத் தமிழ்ச் சங்கம் முன்னின்னு செஞ்சது. தமிழ்நாட்டு அரசும் பத்து லட்சம் ரூபாய் கொடுத்துச்சு. அந்த விகாரை கைதிகளோட கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு. எண்பது வருஷம் ஆச்சு, அந்தச் சுவரைத் தாண்டி ஒரு கல் வைக்க.

நடுகல்னு பேர் வச்சாங்களே, அது ரொம்பப் பொருத்தம். ஆநிரை மீட்கப் போய் செத்தவனுக்கும் ஊரைக் காக்கச் செத்தவனுக்கும் கல்லைத் தேடி எடுத்து, தண்ணியில குளிப்பாட்டி, பேரைப் பொறிச்சு நட்டு, படையல் போட்டவங்க நாம. தொல்காப்பியத்துலயே அதுக்கு முறை சொல்லியிருக்கு. நம்ம குலதெய்வம் பல பேர் அப்படி நின்ன கல்தான். செத்தவன் யார்ங்கிறது கல்லுல இருக்கணும், அதுதான் நடுகல். சயாம் நடுகல்லுல ஒரே குறை அதுதான்: அத்தனை ஆயிரம் பேருக்கும் சேர்த்து ஒரு கல். பொறிக்கறதுக்குப் பேர் நம்ம கையில இல்ல.

வெளியூர்ல இதை எப்படிச் சமாளிச்சிருக்காங்கன்னு பார்த்தேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துல மாண்ட்கோமரின்னு ஊர். வெள்ளைக்காரக் கும்பல் அடிச்சு, தூக்குல தொங்கவிட்டுக் கொன்ன கறுப்பர்கள் 4,400-க்கும் மேற்பட்டவங்களுக்கு 2018-ல நினைவிடம் திறந்தாங்க. 800-க்கு மேல இரும்புத் தூண்கள் தொங்குது, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒண்ணு, அதுல அங்கே செத்தவங்க பேர். பேர் தெரியாதவங்களைத் தெரியாதவர்னே பொறிச்சிருக்காங்க. அது ஒரு அமைப்பு கட்டினதுதான். ஆனா அந்தந்த ஊர்ல சாதாரண ஜனங்க, சர்ச்சுக்காரங்க, கொலை நடந்த மரத்தடியைத் தேடிப் போய் ஒரு பிடி மண் எடுத்து, கண்ணாடி ஜாடியில போட்டு, பேர் எழுதிக் கொண்டுவந்து வச்சாங்க. அந்த ஜாடி வரிசையை ஒரு படத்துல பார்த்தப்போ எனக்கு நம்ம அஸ்திக் கலசம்தான் ஞாபகம் வந்துச்சு.

இன்னொரு ஊர் தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன். முதல் உலகப் போர்ல வெள்ளைக்காரனுக்குச் சாமான் தூக்கிச் செத்த கறுப்புத் தொழிலாளர்களுக்கு நூறு வருஷமா கல் கிடையாது. 2021-ல போர்க் கல்லறை ஆணையமே ஆராய்ந்து, இனம் பார்த்துத்தான் இவங்களை விட்டோம்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டுச்சு. 2025 ஜனவரியில அங்கே ஒரு பூங்காவுக்குள்ள 1,700-க்கும் மேற்பட்ட மரக் கம்பங்கள், ஒரு ஆளுக்கு ஒரு கம்பம், ஒவ்வொண்ணுலயும் பேர். சாமான் தூக்கின கூலிதான் அவங்களும். நம்ம சயாம் ஆளுங்க மாதிரியேதான்.

பேர் இருந்தா கல் எப்போ வேணும்னாலும் வைக்கலாம்னு இதுல இருந்து எனக்குத் தெரியுது. நம்மகிட்ட தோட்டத்துப் பதிவேடு இல்ல, ஜப்பான்காரன் எழுதி வச்சதும் இல்ல. இருக்கற ஒரே பதிவேடு பாட்டி மாதிரி நாலு பேர் மனசு. அவங்களும் எண்பதைத் தாண்டிட்டாங்க.

அதனால ஒரு சின்ன காரியம் ஆரம்பிச்சிருக்கேன். ஒரு நீள நோட்டுப் புத்தகம் வாங்கி கோடு போட்டிருக்கேன். பேர், சொந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த வருஷம் போனார், கூடப் போனவங்க யார், சொல்றவர் என்ன உறவு. ஞாயித்துக்கிழமை காலையில நான் அந்தச் சீட்டு மேசையிலதான் இருப்பேன். உங்க வீட்டுல யாராவது சயாமுக்குப் போயிருந்தா வந்து சொல்லுங்க. முழு விவரம் தெரியலன்னா தெரிஞ்சதைச் சொல்லுங்க. "பெரியப்பா ஒருத்தர் போனாராம்"ங்கிறதுகூடப் போதும், எழுதிக்குவோம். பேர் சேர்ந்ததும் மலேசியாவில் இந்த வேலையைச் செய்யறவங்களுக்கு ஒரு நகல் அனுப்பலாம்னு இருக்கேன்.

மஹாளயத்துல காருண்ய பித்ருக்கள்னு ஒரு வகை உண்டு. சொந்தம் இல்லாதவங்க, கொடுக்க ஆள் இல்லாதவங்க எல்லாருக்கும் சேர்த்து எள்ளும் தண்ணியும் விடறது. அடுத்த வருஷம் அந்த நேரத்துல இந்தப் பேர்களை வாசிச்சுக் கொடுக்கலாமான்னு குருக்கள்கிட்ட கேட்டேன். தாராளமா செய்யலாம், பேர் பட்டியலைக் கொண்டு வான்னார். நிர்வாகத்துலயும் கேட்டிருக்கேன், பதிலுக்குக் காத்திருக்கேன். பிப்ரவரி 15-ல பீச் ரோட்டுக்குப் போய் நம்ம தூணுக்குப் பக்கத்துல ஒரு விளக்கு ஏத்தலாமான்னும் ஒரு யோசனை. அங்கே அனுமதி எல்லாம் எப்படின்னு விசாரிச்சுட்டுச் சொல்றேன்.

நோட்டுல முதல் பேர் பாட்டியோட அப்பா. போன ஞாயிறு பேத்தி மறுபடி கூட்டிக்கிட்டு வந்தாங்க. பேத்திதான் எழுதினாங்க, கையெழுத்து அழகா இருந்துச்சு. இறந்த இடம்னு ஒரு கட்டம் போட்டிருந்தேன். அதுகிட்ட வந்ததும் பேனாவை நிறுத்திட்டு, "காஞ்சனபுரின்னு போடவா பாட்டி?"ன்னு கேட்டாங்க.

"எங்கேன்னு யாருக்குத் தெரியும்? சயாம்னே போடு"ன்னாங்க பாட்டி.